குருவிக் காலில் வந்த பஞ்சு

தாராபுரத்துக்கு மேற்கே மூன்று ஏக்கர் வானம் பார்த்த பூமி. நஞ்சம்மாளின் புருஷன் அவளுக்கு விட்டுப்போனது அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகம் அது. நடுவில் நின்ற சப்பாத்திக் கள்ளி வேலிதான் எல்லை, பத்திரம், சாட்சி எல்லாம். கொழுந்தன் காளிச்சாமி கெட்டவனில்லை. ஆனால் ஏர் பிடித்தால் அடுத்த காட்டுக்குள் ஒரு சால் போய்வராமல் அவனுக்குத் தூக்கம் வராது.

1931 சித்திரையில் கள்ளி மடல்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பருத்தி அரைக்கும் ஜின் ஆலைக்குப் போகும் வண்டியிலிருந்து பறந்த பஞ்சு என்று நினைத்தாள். பருத்திச் சீமைக்காரி வேறென்ன நினைப்பாள்? உச்சி வெயிலில் அரைக்கண் மூடிப் பார்த்தால் வேலியே காய் வெடித்து நிற்பது போலிருந்தது. ஒரு மாதம் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டுத்தோல் வாங்க வந்த நாகூர் மீரான்தான் ஒரு துளியை நசுக்கிக் காட்டினார். விரலெல்லாம் சிவப்பு.

“பஞ்சில்லீங்க அம்மணி, பூச்சி. கள்ளியக் கொல்றதுக்குச் சர்க்கார்ல உட்டது. குருவி காலுல ஒட்டிக்கிட்டு ஊரூராப் போகுதுங்க.”

அன்றிலிருந்து குருவி, காக்கை எது வேலியில் உட்கார்ந்தாலும் கல்லெறிந்தாள், வாய் வலிக்கத் திட்டினாள். மத்தியானத்தில் கண்ணயர்ந்தால், கனவில் பறவைகள் காலில் அவள் மண்ணைத் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு மேகத்துக்குள் போயின.

ஆடியில் வேலி அழுகிச் சாய்ந்தது. மழை பெய்த மறுநாளே காளிச்சாமி ஏரோடு வந்தான்.

“ஏனுங்க நங்கை, எல்லை எங்கீங்க? எனக்கொண்ணும் தெரியலீங்களே.”

வாய் நிறைய மரியாதை. அண்ணன் பெண்டாட்டி குனிந்து எல்லையைத் தேடினாள். அழுகிய மடல்களைக் கோலால் தள்ளினாள். அடியில் இடுப்பளவு வேப்பங்கன்று ஒன்று நின்றது. நாலடி தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பழம் தின்ற பறவைகள் வேலிமேல் உட்கார்ந்து போட்ட கொட்டைகள். முள்ளுக்குள் ஆடு வாய்வைக்காமல் வளர்ந்திருந்தன. காட்டின் கோடிவரை ஒரே வரிசை.

காளிச்சாமி செருப்பைக் கழற்றினான். வேம்பின்மேல் ஏர்க்கொழுவை ஏற்றிவிட்டு, வீட்டில் அம்மை போட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

“ஆத்தா நிக்கறா. நான் தள்ளியே உழுதுக்கறேனுங்க” என்று மாட்டைத் திருப்பினான்.

எத்தனையோ வருஷமாகத் தனக்கு எல்லை நட்டவர்களையா இத்தனை நாள் கல்லால் அடித்தோம்? நஞ்சம்மாளுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.