சிவப்பு மேடம்

“கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும் சார், நீங்க சொல்லுங்க. இன்னும் எவ்வளவு தாங்கும்?”

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கேட்கிறார் சிவப்பு மேடம். செருப்பு மேசைக்கு அடியில் எங்கோ கிடக்கிறது. மாதக் கடைசியில் ஒவ்வொரு துணை மின் நிலையத்தோடும் இப்படிப் பேசிப் பதில் வாங்கிய பிறகுதான் வரைபடத்தில் கை வைப்பார்.

வரைபடம் மின் நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கிறது. சூரிய மின்சாரம், காற்றாலை என்று முதல் போட நினைப்பவர்கள், எந்த நிலையத்தில் இணைப்புக்கு இடம் இருக்கிறது என்று அதில் பார்த்துவிட்டுத்தான் நிலம் வாங்குவார்கள். பச்சை என்றால் இடம் உண்டு. மஞ்சள் என்றால் கொஞ்சம். சிவப்பு என்றால் கையை விரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பச்சையைச் சிவப்பாக்குவதே பெரும்பாலும் வேலை என்பதால் அலுவலகத்தில் இந்தப் பட்டப்பெயர். காதில் விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

கல்யாண வீட்டிலும் விட மாட்டார்கள். கோட்டு போட்ட யாராவது நைசாக வந்து பக்கத்தில் உட்கார்வார். “அடுத்த மாசம் எங்க பக்கம் எப்படி மேடம்?”

“மேப் வரும், பாருங்க.”

அழுத்தக்காரி என்று பெயர் வாங்கியாகிவிட்டது. வெளியிடும் முன் ஒருவர் காதில் போட்டால் மற்ற அத்தனை பேரையும் ஏமாற்றியதாகும் என்பது அலுவலக விதி. மற்றவர்களுக்கு அது வெறும் விதி. இவருக்கு அது சாமி மாதிரி.

போன மாதம் தம்பி கூப்பிட்டான். லேத் பட்டறை வைத்திருந்தவன். பாதி ஆயுசைத் தின்ற அந்தப் பட்டறையை விற்றுவிட்டு, சூரிய மின்சாரத்துக்கு நிலம் பார்த்திருந்தான்.

“அக்கா, பாலத்துக்குப் பக்கத்து சப்ஸ்டேஷன் பச்சையாத்தானே இருக்கு? நாளைக்குப் பதியப்போறேன்.”

அன்று காலையில்தான் அந்த நிலையத்தில் மிச்சமிருந்த இடம் முழுவதையும் ஒரு பெரிய கம்பெனிக்கு ஒதுக்கிக் கையெழுத்தாகியிருந்தது. ‘கொஞ்சம் பொறுடா’ என்று ஒரு வார்த்தை போதும்.

“மேப்ல என்ன இருக்கோ அதான்டா,” என்றார்.

ஊருக்கெல்லாம் சொல்லும் பதில்தான். ஆனால் கேட்டவன் தம்பி. அக்காவே சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான். சாயங்காலம் வரை மேடம் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கூப்பிடவில்லை. செய்தது சரிதான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்தார்.

இந்த மாத வரைபடம் போடும் நாள் வந்தது. பாலத்துப் பக்கத்துப் பச்சையை வேறு யாரிடமும் விடாமல் தன் கையாலேயே சிவப்பாக்கினார். சொன்னபடியே நிலத்தைப் பதிந்துவிட்டிருந்த தம்பி போன் செய்யவில்லை. இவர் செய்தால் எடுக்கவும் இல்லை.

காலை நேரங்களில் விசாரணை ஜன்னலிலும் உட்கார வேண்டும். நேற்று வரிசை நீளம். “அடுத்து யாரு, சொல்லுங்க,” என்றார், நிமிராமலேயே.

“மேடம், பாலத்துப் பக்கத்து சப்ஸ்டேஷன்ல மறுபடி எப்ப இடம் வரும்?”

குரல் தெரிந்து நிமிர்ந்தார். சவரம் செய்யாத முகத்தோடு தம்பி நின்றிருந்தான்.

“புது டிரான்ஸ்பார்மர் வந்தாத்தான்,” என்றார். “அஞ்சாறு வருஷம் ஆகும்.”

“நான் போன் பண்ணப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

எப்போதும் ‘உனக்கு’ என்பவன் இன்று ‘உங்களுக்கு’ என்றான்.

“தெரியும்.”

அவன் தலையாட்டிக்கொண்டான். “உள்ள வந்து உக்காருடா,” என்று மேடம் எழுந்தார். அதற்குள் அவன் இரண்டு கையையும் கூப்பி, ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டான்.