கஞ்சி குடித்த குதிரை

"நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்று என் மகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். பெரும்பாலும் அவள் உண்மையைத்தான் சொல்கிறாள். ஆனால் அதே வார்த்தையை, அதே வயதில், நான் ஒரு குதிரையின் முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா பட்டு நெய்கிறவர். சித்தப்பா தறியில் உட்காரவே மாட்டேன் என்று சொல்லி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி வந்தவர். காஞ்சிபுரத்தில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு, பின்பக்கம் பொது. அங்கேதான் குதிரை நிற்கும். குட்டையான நாட்டுக் குதிரை, காற்றைக் குடித்தே பருக்கும் உடம்பு. கல்யாண வீடுகளில் ஆளாளுக்கு ஊட்டிய லட்டும் வெல்லமும் சேர்ந்து, சேணத்தின் வார் கடைசித் துளைக்கும் எட்டாமல் போயிற்று.

கால்நடை மருத்துவர் அதன் விலாவில் விரல்களை அழுத்திப் பார்த்தார். "எலும்பு கண்ணுக்குத் தெரியவேணாம், கைக்குத் தெரியணும். எனக்குச் சதைதான் தெரியுது" என்றார். இப்படியே விட்டால் குளம்புக்குள் சூடேறி, ஒருநாள் கால் ஊன்ற முடியாமல் போகும் என்றார். அன்றிலிருந்து கொள்ளு கிடையாது, வெல்லம் கிடையாது. அளந்து வைத்த காய்ந்த புல், இரண்டு வேளை நடை. சித்தப்பா எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். அப்பா கழிவுப் பட்டு நூலை முறுக்கி ஒரு கயிறு கொடுத்தார். ஞாயிறுதோறும் அதைக் குதிரையின் மார்பைச் சுற்றி அளந்து, முனை தொடும் இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். வயிற்றுக்கு அடியில் கயிற்றை வாங்கிக் கொடுப்பது என் வேலை.

முடிச்சு உள்ளே நகரவில்லை. மூன்றாவது வாரம் வெளியே நகர்ந்தது.

"நீதான் இன்னாத்தையோ போடற," என்று சித்தப்பா சித்தியிடம் பாய்ந்தார். "தின்னாமயே எப்டி ஊதிக்கினு வருது?"

"எனக்கே ஒரு வேளை குந்தித் தின்ன நேரமில்ல. உங்க குதிரைக்கு ஊட்டப் போறேனா?"

எங்கள் தெருவில் விடிந்ததும் யாராவது பாவு விரிப்பார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவுவார்கள். மீந்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுவது என் பொறுப்பு. குதிரையோ பசியில் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் வாளியை அதன் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். கொள்ளு கூடாது என்றார்கள், வெல்லம் கூடாது என்றார்கள். கஞ்சியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. கஞ்சி நூலுக்குப் போடுவது. அதைத் தீனி என்று யார் நினைப்பார்கள்?

பங்குனியில் ஒரு காலை, குதிரை முன்னங்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. நெருப்பின் மேல் நிற்பதைப் போல. சித்தப்பா இழுத்துப் பார்த்தார். ஓரடி எடுத்து வைக்கவில்லை. கழுத்தில் வியர்வை வழிந்தது.

மருத்துவர் குளம்பைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார். "ரெண்டும் சுடுது. இன்னா போட்டீங்க?"

"புல்லு தவிர ஒண்ணுமில்ல டாக்டர், சத்தியமா."

"தீனி இல்லன்னா ஆணி ஏதாவது ஏறியிருக்கணும். அறுத்துத்தான் பாக்கணும்." பையிலிருந்து வளைந்த கத்தியை எடுத்தார். "மறைக்காதீங்கப்பா. உள்ள எலும்பு இறங்கிடுச்சின்னா இது அப்புறம் எழுந்து நிக்காது. நான் எதுக்கு மருந்து குடுக்கறதுன்னு தெரியணும்ல?"

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீ எதுனா போட்டியாமா?"

"நான் ஒண்ணும் பண்ணல சித்தப்பா."

மருத்துவர் குனிந்து காலைத் தூக்கினார். குதிரை நடுங்கியது. நான் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு காய்ந்த கஞ்சியில் விறைத்து நின்ற என் பாவாடை ஓரத்தைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க," என்றாள். "நான்தான் கஞ்சி ஊத்தினேன். பாவுக் கஞ்சி. தினமும் ஒரு வாளி."

மருத்துவர் கத்தியை வைத்துவிட்டு வேறு பெட்டியைத் திறந்தார். சித்தப்பா கத்தவில்லை. "வாயில்லாத ஜீவன்டி," என்று மட்டும் சொல்லிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக் குளம்பில் ஊற்றினார்.

பல நாள் ஈர மணலில் நின்ற பிறகு குதிரை நடந்தது. மாப்பிள்ளை யாரையும் அது மறுபடி சுமக்கவில்லை. சித்தப்பா ஒரு மாதம் சித்தியோடு பேசவில்லை. சித்தி அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

எனக்குச் சித்திமேல் கோபமாக வந்தது. இவளும் ஊற்றியிருக்கிறாளே! இவள் சும்மா இருந்திருந்தால், என் ஒரு வாளியால் அதற்கு என்ன ஆகியிருக்கும்? "எங்க சித்திதான் குதிரைக்குக் கஞ்சி ஊத்திக் கெடுத்துட்டாங்க" என்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல், முழு நம்பிக்கையோடு சொன்னேன். தறியே இல்லாத சித்தி வீட்டில் பாவுக் கஞ்சி ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை.