யார் பெயரில் இருக்கிறது இணையப் பெயர்?

தொண்ணூறுகளின் கடைசியில், யுத்தத்தில் பிரிந்த உறவுகளைத் தேடுவோருக்காக லண்டன் ஹவுன்ஸ்லோவில் என் வீட்டிலிருந்து ஓர் இணையத்தளம் நடத்தினேன். 'டொட் யூகே' என்று முடியும் அதன் பெயரை நண்பர் பாலாதான் பதிந்து தந்தார். அதைத் தன் பெயரிலேயே பதிந்திருந்தார். அது எனக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை.

பாலா கனடாவுக்குப் போய்த் தொடர்பும் விட்டுப்போன பிறகு, ஒருநாள் தளம் திறக்கவில்லை. பதிவு காலாவதியாகியிருந்தது. பதிவு நிறுவனத்துக்குப் போன் எடுத்தால், "உரிமையாளர்தான் பேசவேண்டும்" என்ற ஒரே பதில். புதுப்பிக்காவிட்டால் பெயர் வேறு யாருக்கோ போய்விடும். என் தளத்தையே என்னால் திறக்க ஏலாது.

அந்த நேரம் ஜெர்மனியிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார்.

"அண்ணை, தங்கச்சி எங்க எண்டு தெரியாது. உங்கட தளத்திலதான் என்ர நம்பர் போட்டிருக்கிறன். இப்ப தளம் திறக்குதில்லை. அவள் பாத்தால் என்ன செய்யிறது?"



டொரொண்டோவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்து, கடைசியில் பாலாவைப் பிடித்தேன். "ஐயோ, நான் மறந்தே போனன்" என்றவர், உடனே புதுப்பித்துப் பெயரை எனக்கு மாற்றித் தந்தார். பிறகு அந்தத் தங்கை தளத்தில் நம்பரைக் கண்டு, நோர்வேயிலிருந்து தமையனை அழைத்தாள். தளம் மூடிக்கிடந்தபோதும் திறக்கப் பார்த்து, முடியாமல் அழுதாளாம்.

இப்போது யார் தளம் தொடங்கினாலும், வாழ்த்துச் சொல்லமுதல் கேட்பேன்: "தளத்தின்ர பேரை ஆரின்ர பேரில பதிஞ்சனீங்கள்?"