இருபத்தைந்தாவது விலா எலும்பு

எக்ஸ்ரே எடுக்கிறவளிடம் எலும்பை மறைக்க முடியாது, ஆனால் எலும்பைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷமாக "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். இதே பொழைப்பில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். படம் எடுக்க ஐந்து நிமிஷம் போதும், மனிதன் எப்படி உண்டானான் என்ற பேச்சுக்குத்தான் அரை மணி நேரம் ஆகும். நான் எந்தக் கட்சியிலும் சேருவதில்லை. ஒரே ஒரு தடவைதான் விட்டுக்கொடுக்காமல் நின்றேன்.

ஒன்று கூடுதல்

திரேஸ்புரத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் ரெஜினா, வலது கை மரத்துப்போகிறது என்று வந்தாள். எந்த மீனைப் பிடித்தாலும் வழுக்கி விழுந்துவிடுகிறதாம். படம் எடுத்தேன். எல்லாருக்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டு விலா எலும்பு. இவளுக்கு வலது பக்கம் கழுத்தடியில் ஒன்று கூடுதல். கைக்குப் போகிற நரம்பை அது நெருக்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் கைச்சதை வற்றிவிடும், பிறகு பிடி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் புருஷன் அந்தோணி விசைப்படகுக்குப் போகிறவர். நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, ஞாயிறு பூசையைத் தவற விடமாட்டார். ஆதாமின் விலாவை எடுத்துத்தானே ஆண்டவர் ஏவாளைச் செய்தார், அதனால் ஆம்பளைக்கு ஒன்று குறையும், பொம்பளைக்கு ஒன்று கூடும் என்றார். எல்லாருக்கும் இருபத்துநாலுதான் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எனக்குச் சுர்ரென்று வந்தது. அவர் நிதானமாகச் சொன்னார்: "அவகிட்ட கூட இருக்கது என்கிட்ட எடுத்தது மேடம். ஆண்டவர் வச்சத அறுக்கதுக்கு நாம யாரு?"

வால் என்று சொல்லிவிட்டேன்

அந்த வாரமே காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வந்தார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த இடத்தில் பைக்கிலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுந்திருந்தார். படத்தைப் பார்த்து, வால் எலும்பில் கீறல் என்றேன். முகம் மாறிவிட்டது. நாங்கள் ஆதம் நபியின் மக்கள், எங்களுக்கு ஏது வால் என்று கேட்டார். குரங்குக்கும் நமக்கும் மூதாதை ஒன்று, அந்தக் காலத்து வாலின் மிச்சம்தான் இது என்று நான் படித்ததைச் சொன்னேன். தேவையா எனக்கு?

அவர் கோபப்படவில்லை. உடம்பு முழுக்க மண்ணாகிப் போனாலும் இந்த ஒரு எலும்பு மட்டும் மிஞ்சும், மறுமையில் மனிதனை இதிலிருந்துதான் திரும்ப எழுப்புவான் என்று தங்கள் நம்பிக்கையைச் சொன்னார். ஒரே எலும்பு, எனக்குப் பின்னால் பார்க்கிறது, அவருக்கு முன்னால் பார்க்கிறது. உட்கார முடியாமல் நின்றபடியே அவர் முடித்துவைத்தார்: "ஒங்களுக்கு அது மிச்சம், எங்களுக்கு அது வித்து. ரெண்டுக்கும் சேத்து டாக்டர்ட்ட ஒரு மருந்து கேளுங்கம்மா, பிளைட்டுல நாலு மணி நேரம் உக்காரணும்."

பிரம்மாவின் கையெழுத்து

ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து நெல் விவசாயி ஒருவர், களத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு வந்தார். மண்டை ஓட்டுப் படத்தில் நெளிநெளியாகக் கோடுகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். அது எலும்புகள் சேருகிற தையல். அவரோ, பிரம்மா படைக்கும்போது எழுதிவிட்ட தலையெழுத்து அதுதான், கொஞ்சம் வாசித்துச் சொல்லு என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்று எனக்கு மனசு சரியில்லை. ரெஜினா காலையில்தான் போன் பண்ணியிருந்தாள். சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை, இவர் மசிய மாட்டேன் என்கிறார் என்று அழுதாள். தலையெழுத்து என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பெரியவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "டாக்டர் சீட்டு மாதிரியே இருக்கு தாயி. பிரம்மாவும் டாக்டருக்குத்தான் படிச்சிருப்பாரு போல."

எண்ணிவிடுவோம்

மூன்றாவது வாரம் அந்தோணியே படகில் வழுக்கி நெஞ்சில் அடிபட்டு வந்தார். துணைக்கு ரெஜினா. அவள் கட்டைவிரலடியில் சதை குழிவிழ ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்ததும் இன்று இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவருக்கு மேலும் கீழுமாக இரண்டு படம் எடுத்தேன். மேல் படம் மட்டும் எடுத்தால் கீழ் விலாக்கள் வயிற்றின் வெள்ளையில் மறைந்துவிடும், பிறகு ஒன்று குறைகிறது என்று ஆரம்பித்துவிடுவார்.

முறிவு எதுவும் இல்லை. புருஷன் படத்தையும் பெண்டாட்டி படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, பேனாவை அவர் கையில் கொடுத்து எண்ணச் சொன்னேன். முதல் தடவை பதினொன்று என்றார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த முதல் விலாவைத் தொட்டுக் காட்டினேன். பன்னிரண்டு. அடுத்த பக்கமும் பன்னிரண்டு. மூன்று தடவை எண்ணினார். ஆதாம் கதை எனக்குத் தெரியாது, உங்களிடம் எதுவும் குறையவில்லை, அதனால் அவளிடம் கூடுதலாக இருப்பது உங்களுடையது இல்லை என்றேன். படத்தையே முறைத்துக்கொண்டிருந்தவர் கடைசியில், "அப்ப இது எவனோடது?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. மூன்று வாரமாக அவருக்கு எதிரே குரல் உயர்த்தாத ரெஜினா எழுந்து, இடது கையால் தன் படத்தைக் கழற்றி உறைக்குள் போட்டாள். "எவனோடதோ இருந்துட்டுப் போகட்டும், கை என்னோடது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்க வாரியளா, நான் தனியாப் போகட்டா?"

மனிதன் எப்படி உண்டானான் என்று எங்கள் சென்டரில் இன்னும் முடிவாகவில்லை, ஆனால் போன வாரம் ரெஜினா தன் வலது கையால் வெட்டிக் கொடுத்த சீலா மீனை இங்கே வேலை பார்க்கிற எல்லாக் கட்சிக்காரர்களும் சேர்ந்துதான் தின்றோம்.