சத்தம் மட்டும் வந்த பெட்டி

பழைய கேம் பெட்டியைப் புது டிவியில் மாட்ட எந்த ஒயர் வேண்டும் என்று அந்த ஒரு வாரத்தில் நான் கேட்காத ஆள் கடலூரில் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பாதித் தலை நரைத்த ஒருவன், சிப்காட் கம்பெனிச் சட்டையோடு வந்து, வீடியோ கேமுக்காகக் கண்கலங்கி நின்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

விஷயம் கேம் இல்லை. என் மகள்.

அவளுக்குப் பதினொரு வயது. சிதம்பரத்தில் தாத்தா வீட்டில், அவள் அம்மாவோடு இருக்கிறாள். நானும் என் மனைவியும் பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது. வழக்கு இழுத்துக்கொண்டே போக, கோர்ட்டில் எங்களுக்குப் புத்தி சொல்ல வைத்திருந்த கவுன்சிலர் அம்மா ஒரு வழி சொன்னார். "நாலு ஞாயித்துக்கெழம அப்பாகிட்ட அனுப்பிப் பாப்போம். அதுக்கப்புறம் போவணுமா வேணாமான்னு புள்ளையே சொல்லட்டும்." நல்ல யோசனை என்று வக்கீல்கள் இருவரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் தயங்கினேன். என் கோபத்தைப் பற்றி அந்த வீட்டில் ஆறு வருஷமாக என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பேசியதில் பொய்யும் இருந்திருக்காது.

முதல் ஞாயிறு சில்வர் பீச். வெயில் என்றாள். இரண்டாவது ஞாயிறு பிரியாணி. பாதியை ஒதுக்கி வைத்தாள். பஸ் சிப்காட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்க கம்பெனி வாசனையாப்பா இது?" என்றாள். அன்று அவள் தானாகப் பேசியது அது ஒன்றுதான். மூன்றாவது ஞாயிறு அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"ப்பா, நீங்களும் அம்மாவும் கார் ரேஸ் ஆடுவீங்களே, அந்தப் பெட்டி இன்னும் இருக்குதா?"

"இருக்குதே! அடுத்த வாரம் வா, ஆடலாம்."

சரி என்றாள். அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரம் முழுக்கத் தொங்கினேன்.

பெட்டி பீரோவின் மேல் பழைய துண்டு சுற்றிக் கிடந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மச்சான், மனைவியின் அண்ணன், கொண்டுவந்து கொடுத்தது. ஒரு முனையில் பெட்டிக்குள் போகும் தட்டைப் பின், மறு முனையில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று பின் உள்ள அதன் ஒயரும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் பத்திரமாக இருந்தது. ஒயரைப் பெட்டியின் பின்னால் சொருகும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பழசுதானே என்று அமுக்கிவிட்டேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த டிவியின் முதுகில் கைவிட்டுத் துழாவினால், மூன்று கலர் ஓட்டையைக் காணோம். எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு, ஓரத்தில் இயர்போன் சொருகுவது போலச் சின்னதாக ஒரு வட்ட ஓட்டை. அவ்வளவுதான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில், மூணு கலர் ஒயரை எச்டிஎம்ஐயில் மாட்ட ஒரு டப்பா கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிச் சொருகியும் டிவி அசையவில்லை. அதன் பிறகுதான் டப்பாவின் மேல் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். புதுப் பெட்டியைப் பழைய டிவியில் மாட்டுகிற டப்பா அது. எனக்கு வேண்டியது நேர் எதிர். இரண்டும் அச்சு அசல் ஒன்றாகத்தான் இருக்குமாம். கடைக்குப் போய்க் கத்தினேன். கடைக்காரர் கோபப்படவே இல்லை.

"சார், எதுலேர்ந்து எதுக்குப் போவணும்னு நீங்க சொல்லலியே?"

சரியான டப்பாவைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். பெட்டியின் ஆரம்ப இசை கணீரென்று வந்தது. எழுந்து நின்றே விட்டேன். ஆனால் திரை நீலமாகவே இருந்தது. கார் உறுமும் சத்தம் கேட்டது, கார் இல்லை.

சனிக்கிழமை லீவு போட்டுச் சிதம்பரம் போனேன். கீழ வீதிக்குப் பின்னால் பழைய டிவி ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருப்பதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். என் மகளின் வீடு அங்கிருந்து நாலு தெரு. பார்த்துவிடப் போகிறாள் என்று குனிந்துகொண்டே நடந்தேன்.

"சவுண்டு வருதா?" என்றார் மெக்கானிக்.

"வருதுண்ணே. படந்தான் வரல."

"அப்ப பெட்டி நல்லாருக்குது. ஒயருதான் கோளாறு. அந்த டப்பாவெல்லாம் தூக்கிப் போடுங்க. டிவியில வட்ட ஓட்ட இருக்குதுல்ல, அதுக்கு ஒரு ஒயரு தரேன். இதுலயும் ரெண்டு மூணு ரகம், டிவிக்குத் தகுந்த மாதிரி உள்ள கம்பி மாறும். மஞ்சள்ல படம் வரலன்னா செவப்புல சொருகிப் பாருங்க. கலர மட்டும் நம்பாதீங்க."

சாயங்காலம் மஞ்சளைச் சிவப்பில் சொருகினேன், சிவப்பை வெள்ளையில் சொருகினேன், வெள்ளையை மஞ்சளில் சொருகினேன். எப்படிச் சொருகினாலும் ஏதாவது ஒரு பக்கம் சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டே அழுதேன். என் மகள் என் வீட்டுக்கு வருவதும் வராததும் ஒரு ஒயரில் இருக்கிறது என்று நினைக்க எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

நாலாவது ஞாயிறு. பஸ்ஸில் ஏறியதும் கேட்டாள்.

"ரெடியாப்பா?"

"ரெடிடா," என்று பொய் சொன்னேன். கடலூர் வரும் வரைக்கும் ஜன்னலையே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டேன். இசை வந்தது. அவள் முகம் மலர்ந்தது. "இது எனக்குத் தெரியும்ப்பா!" என்றாள். திரை கறுப்பு. இரு, இரு என்று பின்களை மாற்றினேன். டப்பாவை மாட்டினேன், கழற்றினேன். ஒரு மணி ஆனது, இரண்டு மணி ஆனது. சாப்பிடவும் இல்லை. மூன்று மணியும் ஆனது. "சனியன்!" என்று கத்திக்கொண்டு பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன்.

அவள் தோள் இரண்டும் காது வரை ஏறின. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பெட்டியைக் கீழே வைத்தேன். மெதுவாக வைத்தேன். இத்தோடு முடிந்தது, இனி வரமாட்டாள் என்று தெரிந்தது.  ரொம்ப நேரம் கழித்து அவள் நகர்ந்து வந்தாள். ஒயரைப் பிடுங்கி, போன் டார்ச்சைப் பெட்டியின் பின்னால் அடித்துப் பார்த்தாள்.

"ப்பா, ஓட்டைக்குள்ள என்னமோ அடைச்சிருக்குது. மண்ணு மாதிரி. ஓரமா செவப்பா இருக்குது."

குனிந்து பார்த்தேன். சந்தனம். காய்ந்து கல்லாகிப்போன சந்தனம், அதன் மேல் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு என் ஸ்பேனர்கள், தன் தையல் மிஷின், மிக்சி, அரிவாள்மனை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பாள் என் மனைவி. அந்தக் கடைசி வருஷம் இந்தப் பெட்டியையும் வரிசையில் நிறுத்தியிருந்தாள், பின்பக்கத்தை முன்னால் திருப்பி. கேம் பெட்டிக்கு எதுக்குடி பொட்டு என்று கேட்டேன். "நாள்பூரா நீங்க இதுலதான ஒழைக்கிறீங்க!" என்றாள். முகம் அந்தப் பக்கம்டி என்றேன். "ஓட்டையெல்லாம் இருக்குற பக்கந்தான் மொகம்," என்று சொல்லி, சரியாக அந்த ஓட்டையில் விரலை அழுத்தினாள். பத்து நாளில் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

"யாருப்பா வச்சது?"

"உங்கம்மாதான்."

மகள் தன் சுடிதார் ஷாலில் இருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் அவள் அம்மாவின் கை பட்டு அப்படியே இருந்தது அது ஒன்றுதான், அதைச் சுரண்ட எனக்கு மனசு வரவில்லை. "சீக்கிரம்ப்பா, பஸ்ஸுக்கு நேரமாவுது," என்றாள். சுரண்டினேன். பொடி பொடியாக உதிர்ந்தது; படம் போகும் கம்பியை மட்டும் அது மறைத்திருந்தது. ஊதிவிட்டு ஒயரைச் சொருகினேன்.

படம் வந்தது. நீலச் சாலை, மரங்கள், வரிசையாக நிற்கும் கார்கள். அவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இருவர் ஆடும் ஆட்டத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். திரை இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதி எப்போதும் அவள் அம்மாவுடையது, கீழ்ப் பாதி என்னுடையது. மேல் கார் ஓடியது. கீழ்க் கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னொரு ஜாய்ஸ்டிக் எங்கப்பா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று போதுமான அளவு பொய் சொல்லியாகிவிட்டது.

"நான் ஒடைச்சிட்டேன் கண்ணு. செவுத்துல அடிச்சேன்."

"தெரியும்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் கட்டில்ல படுத்திருந்தேன். தூங்கல."

 நேரமாகும் வரை அவள் ஆடினாள். நான் அசையாத அந்தக் கீழ்க் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஸ்கூட்டியோடு அவள் அம்மா நின்றிருந்தாள். நாங்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. எது சொல்வதானாலும் மகளிடம் சொல்வோம். மகள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்: ஒயர், சத்தம், சந்தனம், ஊக்கு. சந்தனம் என்றதும் அவள் அம்மா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆனா ஒரு ஜாய்ஸ்டிக்குதாம்மா இருக்குது. ரெண்டு பேரு ஆட முடியாது."

"இன்னொண்ணு நம்ம வூட்டுலதான் இருக்குது," என்றாள் அவள் அம்மா. "துணியோட துணியா வந்துடுச்சி. அது ஒண்ணும் ஒடையல, ஒரு ஓரந்தான் வெடிச்சிருக்குது."

"அப்ப அடுத்த வாரம் நான் எடுத்துக்கினு போறேன்," என்று சொல்லிவிட்டு மகள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம். அது ஐந்தாவது ஞாயிறு. யாரும் சொல்லாமல் அவளே சொன்னது. நான் பஸ் ஸ்டாண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கூட்டியைக் கிளப்பிய பிறகு அவள் அம்மா என்னைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நேராக என்னிடமே சொன்னாள்.

"குடுத்தனுப்புறேன். தூக்கி அடிக்காம வச்சிக்குங்க."

சரி என்றேன்.