ஒன்றா, ஆறா

எங்கள் வீட்டில் என்னோடு லூடோ ஆட யாரும் தயாராக இல்லை. தோற்கப்போகிறேன் என்று தெரிந்ததுமே அட்டையைக் கவிழ்த்துவிடுவேன். காய்கள் கட்டிலுக்கடியில் ஓடும். லூடோவை ஆசையாக வாங்கித் தந்த சித்தப்பாவே இரண்டு நாளில் கும்பிடு போட்டுவிட்டார்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் லைன் வீடு எங்களுடையது. அந்தக் கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுக்கு ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு என் வயது. ஜூனில் என் வகுப்பில் சேரப்போகிறவள், ஆனால் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. பள்ளியில் பிள்ளை வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்குமே என்று அவள் அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. என் குணம் தெரியாத ஒருத்தி கிடைத்தாளே என்று அட்டையோடு போய் நின்றேன்.

எடுத்த எடுப்பிலேயே சண்டை. எங்கள் பக்கம் லூடோவுக்கும் தாயம்தான். ஒன்று விழுந்தால்தான் காய் வெளியே வரும். எனக்கு ஒன்று விழுந்தது. காயை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு ஆறு விரல்களைக் காட்டினாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். திட்டலாம் என்றால் அவளுக்குப் புரியாது. புரியாதவளைத் திட்டி என்ன சுகம்? அட்டையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எத்துக்கினு வந்துட்ட, சரி. இனிமே யார்கூட ஆடப்போற?” என்றாள்.

திரும்பிப் போனேன். முதலில் ஒரு விரலைக் காட்டினேன், பிறகு ஆறையும் காட்டினேன். இரண்டில் எது விழுந்தாலும் காய் வரலாம். அவள் சிரித்துவிட்டாள்.

அன்று தோற்றது நான்தான். கை தானாக அட்டையின் ஓரத்துக்குப் போனது. அதற்குள் அவள் அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்க ஆரம்பித்திருந்தாள், என்னுடையதையும் சேர்த்து.

விடுமுறை முழுக்க அவளோடு ஆடினேன். ஜூனில் அவளைப் பள்ளியில் சேர்க்க எல்லாரும் போனோம். எண்ணத் தெரியுமா என்று டீச்சர் கேட்டார். அவள் ஒன்றிலிருந்து ஆறு வரை கணீரென்று எண்ணி நிறுத்திவிட்டு, டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்: “இப்ப உன் ஆட்டம்.”

டீச்சர் ஒரு கணம் விழித்தார். பிறகு, “ஏழு, எட்டு” என்று தொடர்ந்தார். அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். “உனக்கு அவ இன்னா சொல்லிக்குடுத்தா?” என்று சித்தப்பா கேட்டார். ஒன்றுமில்லையே என்றேன். அவள் வந்த பிறகு ஒருநாள்கூட நான் கட்டிலுக்கடியில் காய் தேடவில்லை என்று சொல்லி அவர் சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.