எலிக்கு எட்டாத மேடை

விமானங்களைப் பூட்டி முடித்து வெளியே தள்ளுகிற கூடத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன். கூரையை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுதான் என் இடம். அங்கிருந்து பார்த்தால் மேலாளரும் கூட்டிப் பெருக்குபவரும் ஒரே உயரம்தான். உயரம் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை எலியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எலி என்பது பட்டப்பெயர். ஆள் குள்ளம், ஒல்லி, ஒடுங்கிய தோள். விமானத்துக்கு இறக்கைதான் எரிபொருள் தொட்டி. இறக்கையை உடலோடு சேர்த்த பிறகு, அதன் அடியில் இருக்கிற ஓட்டை வழியாக ஒருவர் உள்ளே ஊர்ந்து போய், போல்ட் ஒவ்வொன்றின் மேலும் கசிவை அடைக்கும் பசையைப் பூச வேண்டும். அந்த ஓட்டையில் நுழையக்கூடிய உடம்பு எங்கள் கூடத்தில் அவருக்கு மட்டும்தான் இருந்தது. மல்லாந்து படுத்தபடி, குழாயில் வருகிற காற்றை இழுத்துக்கொண்டு, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் வேலை. வெளியே நின்று போல்ட்டை முடுக்குபவன் அவருடைய மனைவியின் தம்பி. அவர்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் அவன் பெயர் ஏணி. தொட்டிக்குள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. தட்டல்தான் அவர்களுக்குப் பேச்சு. ஒரு தட்டு என்றால் பிடித்துக்கொள். இரண்டு தட்டு என்றால் முடிந்தது, என்னை வெளியே இழு.

எலிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வானத்தில் பறப்பதில் பாதி தன் கைப்பட்ட விமானம் என்று சொல்லிக்கொள்வார். ஆனால் நின்றபடி, வெளிச்சத்தில், ஒரு விமானத்தைத் தொட்டு வேலை செய்ததில்லை. "முதுகால பாத்தே காலத்தை ஓட்டிட்டேன். ரிட்டையர் ஆவறதுக்குள்ள கண்ணால பாத்து வேலை செய்யணும்" என்று கேன்டீனில் என்னிடம் சொன்னார். இதைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் விமானங்கள் எங்கள் கட்டத்தில்தான் தேங்கின. எலி வேலையை முடிக்கும்வரை வரிசை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வேலைமுறையைச் சீராக்க வந்த குழு ஒன்று, வெள்ளைப் பலகையும் வண்ண ஒட்டுத்தாள்களுமாக, எல்லோரிடமும் யோசனை கேட்டது. எலி சொன்ன யோசனை எளிமையானது. இறக்கையின் அடித்தகடு ஒன்றை மூடாமலே கொண்டுவாருங்கள். கீழே ஒரு மேடை போடுங்கள். நின்றுகொண்டே பசை பூசிவிட்டுக் கடைசியில் தகட்டை மூடலாம். குழுவினர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்துக்கு என்ன, செலவா?

ஒத்திகைக்காக ஒட்டுப்பலகையில் ஒரு பொய் இறக்கை செய்தார்கள். மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். செய்து காட்டுங்கள் என்று குழுத் தலைவி சொன்னதுதான் தாமதம், எலி யாரும் சொல்லாமலே பலகைத் தொட்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டார். ஏணி கீழே நின்று கையை உயர்த்தினான். ஆண்டுக்கணக்கில் பழகிய பழக்கம். இருவரில் ஒருவருக்குமே அது விசித்திரமாகப் படவில்லை. எலி உள்ளிருந்து தட்டித் தட்டி இடம் காட்ட, ஏணியின் விரல் எட்டிய இடத்தை வைத்து அளவெடுத்தார்கள். இனி யாருமே உள்ளே போகத் தேவையில்லை என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. அதை அளக்கும்போது அவர் உள்ளேதான் இருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். படமும் எடுத்து மாட்டினார்கள். படத்தில் ஏணி இருக்கிறான், குழு இருக்கிறது, பலகை இருக்கிறது. எலி பலகைக்குள் இருக்கிறார்.

இரும்பு மேடை வந்தது, தரையோடு முடுக்கிவிட்டார்கள். முதல் நாள் எலி சலவை செய்த சட்டையில் வந்து மேடையேறிக் கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. நுனிக்காலில் நின்றார். அப்போதும் எட்டவில்லை. பக்கத்தில் கிடந்த கருவிப் பெட்டியைக் கவிழ்த்து ஏறினார், எட்டியது. அன்று காலை முழுவதும் வாயெல்லாம் பல்லாக அவர் வேலை செய்ததை மேலிருந்து பார்த்தேன்.

மதியம் ஏணி வந்தான். புது மேடையோடு சேர்த்து அவனைக் கட்டத்தின் பொறுப்பாளராகவும் ஆக்கியிருந்தார்கள். மேடைமேல், அதன் வரைபடத்தில் இல்லாத எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்பது விதி. இருவரும் பேசியதை எலியே பிறகு என்னிடம் சொன்னார்.

"அத்தான், இறங்குங்க."

"ஒரு சாண்தான்டா."

"நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி இருக்க முடியாது."

"அப்ப பாக்காத. மேல கூண்டுல இருக்கறவன் பாக்குறான், அவன் என்ன செத்தா போயிட்டான்?"

ஏணி பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போனான். நியாயமாகச் சொன்னால் அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். படி ஒன்று வைக்க அனுமதி கேட்டு மேலே எழுதினான். மேடையை மாற்ற ஏழெட்டுப் பேர் சம்மதிக்க வேண்டுமாம். ஆளை மாற்ற ஒருவர் போதுமாம். எலியைக் கருவிக் கிடங்கின் ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

வீட்டில் அக்கா தம்பியோடு பேசுவதை நிறுத்தினாள். அவன் வந்தால் தண்ணீர் வைப்பாள், எதிரே உட்கார மாட்டாள். தம்பியை விடவும் முடியவில்லை, புருஷன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை என்று என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். எலி ஜன்னலில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், திரும்பி வாங்கினார், பன்னும் டீயுமாகப் பொழுதைத் தின்றார். விமானங்கள் மளமளவென்று வெளியேறின. கிடங்கு ஜன்னல் சுவரைப் பார்த்து இருந்ததால் அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. நான் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். என்ன செய்ய, என் வேலை தூக்கி வைப்பதோடு சரி.

பிறகு ஒரு விமானம் கசிந்தது. எல்லாம் மூடி, சாயம் பூசி, வாங்கியவர்களே வந்து விருந்தினர் அறையில் காத்திருந்த வேளை. தகட்டைக் கழற்றினால் விமானம் வாரக்கணக்கில் நிற்கும். யாராவது பழையபடி ஓட்டை வழியாக உள்ளே போனால் அன்றைக்கே முடிந்துவிடும். அதுவரை கிடங்குப் பக்கம் எட்டிப் பார்க்காத மேலாளரே ஜன்னலுக்குப் போனார். பின்னால் ஏணி. கூண்டை விட்டு இறங்கி நானும் போனேன்.

"அத்தான், உங்களால மட்டும்தான் முடியும்" என்றான்.

எலி எழுந்தார். பழைய உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான் போட நேரம் பிடித்தது. எல்லோருக்கும் முன்னால் நடந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்ததைப் பார்த்தபோது, எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

ஓட்டை தலைக்கு மேலே இருந்தது. கை எட்டவில்லை. ஏணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு கருவிப் பெட்டியைக் காலாலேயே தள்ளி வந்து கவிழ்த்தான். மேலாளர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். யாரும் விதி பேசவில்லை.

எலி ஏறினார். கைகள் போயின, தலை போயிற்று, தோள் போயிற்று. இடுப்புக்கு மேலே நின்றுவிட்டது. மூச்சை வெளியே விட்டு உடம்பை ஒடுக்கினார். ஏணி காலைப் பிடித்து மெல்லத் தள்ளினான், பிறகு பலமாகத் தள்ளினான். ஜன்னலில் உட்கார்ந்து வளர்ந்த வயிறு உள்ளே போகவில்லை. இரண்டு கால்கள் மட்டும் இறக்கையிலிருந்து தொங்கின. கூடமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

உள்ளிருந்து தட்டல் கேட்டது. இரண்டு தட்டு.

இறக்கிவிட்டபோது அவருடைய காதும் கன்னமும் சிராய்ந்திருந்தன. ஏணி அழுதுவிடுவான் போலிருந்தது. எலி அவனைப் பார்க்கவில்லை; கீழே கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிய யாரு இங்க வச்சது?"

அவர் அதை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கிடங்குக்கு நடந்தார். அவர் போன பின் என்னைக் கூப்பிட்டார்கள், கழற்றப்போகிற அடித்தகட்டைத் தூக்கிப் பிடிக்க.